மருந்து போன பின்னும் போகாத களைப்பு

குருமாவுக்கு நாம் அரைத்து விடும் கசகசாவும், மருத்துவமனையில் கடும் வலிக்கு ஊசியாகப் போடப்படும் மார்ஃபினும் ஒரே செடியிலிருந்து கிடைப்பவை என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். விதையில் மயக்கும் பொருள் ஏறக்குறைய இல்லை எனலாம். முற்றாத காயைக் கீறினால் வடியும் பாலில்தான் அது உள்ளது. அந்தப் பால் உறைந்தால் அபின். ஜெர்மனியில் மருந்துக் கடை ஒன்றில் பணிபுரிந்த செர்ட்யூர்னர் என்ற இளைஞர், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அபினிலிருந்து மார்ஃபினைத் தனியே பிரித்தெடுத்தார். இன்று அக்குடும்பத்தில் கோடீன், டிரமடால், ஃபென்டனில், மெத்தடோன் எனப் பல மருந்துகள் உண்டு. சில செடியிலிருந்து வருபவை. சில ஆய்வுக்கூடத்தில் பிறந்தவை. இவற்றை இக்கட்டுரையில் அபின் வகை மருந்துகள் என்றே அழைப்போம்.

இம்மருந்துகள் வலியைப் போக்குவதில் வல்லவை. அவற்றின் பெருமையைக் கூறுவதோ, அவற்றுக்கு அடிமையாவோரின் கதையைக் கூறுவதோ இங்கு நம் நோக்கமன்று. நாம் எடுத்துக் கொண்டிருப்பது, யாரும் அதிகம் பேசாத ஒரு தொல்லை. எலும்பு முறிவுக்கோ முதுகு வலிக்கோ மாதக்கணக்கில் இம்மாத்திரைகளை உட்கொண்ட ஒருவர், மருத்துவர் சொற்படியே அவற்றை நிறுத்தி விடுகிறார். முதல் வாரத்துத் துன்பமும் ஒருவாறு கழிந்து விடுகிறது. ஆனால் களைப்பு மட்டும் போவதில்லை. குளித்து உடுத்துவதற்குள் அலுப்பு. மாடிப்படி ஏறினால் கால்கள் ஈயக் குண்டு. இரண்டு மாதம், மூன்று மாதம் ஆகியும் இதே நிலை. வீட்டார் சோம்பல் என்கிறார்கள். அவரோ, "மருந்து இல்லாமல் இனி என் உடம்பு ஓடாது போலும்" என்று எண்ணி, பழைய அட்டையைத் தேடத் தொடங்குகிறார். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

நான் மருத்துவன் அல்லேன். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். ஆயினும் "மருந்து போன பின்னும் களைப்பு ஏன்?" என்னும் கேள்வியின் முதற் பாதி என் பாடத்துக்குள் அடங்குவதே.

மருந்து எப்போது போகிறது?

கதிரியக்கப் பொருள்களுக்கு அரை ஆயுள் உண்டென நாம் படித்திருக்கிறோம். இரத்தத்திலுள்ள மருந்துக்கும் ஏறத்தாழ அதே கணக்குப் பொருந்தும். மார்ஃபினின் அரை ஆயுள் 2 முதல் 3 மணி. டிரமடாலின் அரை ஆயுள் சுமார் 6 மணி. அதாவது கடைசி டிரமடால் மாத்திரை இரத்தத்தில் கலந்து 6 மணி கழிந்தால் பாதி மிஞ்சும். 12 மணியில் கால் பங்கு. 30 மணியில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. பத்து அரை ஆயுள், அதாவது 60 மணி, கழிந்தால் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. மெத்தடோன் போன்ற சில மருந்துகள் மெல்ல வெளியேறுபவை. அவற்றுக்கு ஒரு வாரமோ அதற்குச் சற்று மேலோ பிடிக்கலாம். அவ்வளவுதான்.

எனவே மூன்றாம் மாதத்துக் களைப்புக்கு மருந்து காரணமாக இருக்க இயலாது. "அந்த விஷம் இன்னும் இரத்தத்தில் ஊறிக் கிடக்கிறது, பேதிக்குக் கொடுத்தால் சரியாகும்" என்று அறிவுரை கூறுவோர் ஊருக்கு நால்வர் உண்டு. பேதி மருந்து, ஏற்கெனவே தளர்ந்த உடம்பிலிருந்து நீரையும் உப்பையும் வெளியேற்றுமேயன்றி, இல்லாத மருந்தை எப்படி வெளியேற்றும்?

போகாமல் நிற்பது மருந்தன்று. மருந்தைச் சமாளிப்பதற்காக உடம்பு தனக்குள் செய்து கொண்ட மாற்றங்களே நிற்கின்றன.

உடம்புக்குள் ஒரு ஸ்டெபிலைசர்

மின் அழுத்தம் குறையும் வீடுகளில் ஸ்டெபிலைசர் வைத்திருப்போம். வரும் மின்சாரம் 180 வோல்ட்டாக இறங்கினால், அது 50 வோல்ட்டைக் கூட்டி 230 ஆக்கித் தரும். திடீரென வெளி மின்சாரம் 230-க்குத் திரும்பி, ஸ்டெபிலைசர் உடனே மாறாமல் நின்றுவிட்டால் என்னாகும்? பழைய பழக்கப்படி 50-ஐக் கூட்டி, 280 வோல்ட்டை வீட்டுக்குள் அனுப்பும். இதற்கு நேர் எதிரானதும் நிகழலாம். வெளி அழுத்தம் மிகுதியாக இருந்தபோது குறைத்துத் தந்து கொண்டிருந்த கருவி, அழுத்தம் சரியான பின்னும் குறைத்துக் கொண்டே இருந்தால், வீட்டு விளக்குகள் மங்கி எரியும்.

நம் நரம்பணுக்களில் இத்தகைய அமைப்பு உண்டென்பது 1970-களில் தெளிவாயிற்று. 1973-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கேண்டேஸ் பெர்ட், சாலமன் ஸ்னைடர் ஆகிய இருவரும், அபின் வகை மருந்துகள் சென்று ஒட்டும் ஏற்பிகள் மூளையில் இருப்பதைக் காட்டினர். வேறு இரு குழுவினரும் அதே காலத்தில் இம்முடிவுக்கு வந்தனர். கசகசாச் செடிக்காக இயற்கை நம் மூளையில் பூட்டு அமைத்திருக்குமா என்ன? நம் உடம்பே சுரக்கும் ஒரு சாவி இருந்தாக வேண்டும். ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் ஜான் ஹியூஸ், ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸ் ஆகியோர் 1975-இல் பன்றி மூளையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தனர். என்கெஃபலின் என அது பெயர் பெற்றது.

அதே 1975-இல் இன்னொரு சோதனை. மரபுக் குறியீட்டைப் படித்தறிந்தமைக்காக 1968-இல் நோபெல் பரிசு பெற்ற மார்ஷல் நிரன்பெர்க்கும், ஷர்மா, கிளீ என்னும் இருவரும் நரம்பணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து அவற்றின் மேல் மார்ஃபினைச் சேர்த்தனர். அணுவுக்குள் செய்தி கடத்தும் ஒரு நொதியின் வேலை முதலில் குறைந்தது. மார்ஃபின் நீடித்து நிற்க நிற்க, அணு தன்னைத் திருத்திக் கொண்டு, நொதியின் வேலையைப் பழைய அளவுக்கு உயர்த்தியது. பின்பு மார்ஃபினை நீக்கினர். நொதியின் வேலை பழைய அளவைத் தாண்டி மேலே எழும்பியது! நம் ஸ்டெபிலைசரின் 280 வோல்ட் இதுவேயல்லவா? அந்த அணுக்களுக்கு மன உறுதியும் இல்லை, சோம்பலும் இல்லை என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும்.

மருந்து நிறுத்திய முதல் வாரத்தில் உடம்பில் நடப்பது பெரும்பாலும் இதுதான். மூளைத் தண்டில் 'நீலத் திட்டு' என்னும் பொருள்படும் லோகஸ் செருலியஸ் என்ற சிறு நரம்பணுக் கூட்டம் உண்டு. நம்மை விழிப்பாக வைத்திருக்கும் நார்அட்ரினலினை மூளைக்கு வழங்குவது அதுவே. மருந்து அதை அழுத்தி வைத்திருந்தது. அழுத்தம் நீங்கியதும் அது துள்ளி எழுகிறது. வியர்வை, படபடப்பு, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை எல்லாம் இத்துள்ளலோடு வருபவை. குறுகிய காலம் வேலை செய்யும் மருந்துகளில் இப்புயல் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சமடைந்து, ஒரு வாரம் பத்து நாளில் அடங்கி விடுகிறது.

புயலுக்குப் பின் வருவது மங்கிய விளக்கு. மூளையில் ஊக்கத்தையும் நிறைவையும் அளிக்கும் டோபமீன் அமைப்பை இம்மருந்துகள் மாதக்கணக்கில் தூண்டியிருந்தன. மூளையும் அதற்கேற்பத் தன் பங்கைக் குறைத்துக் கொண்டது. தூண்டுதல் நின்ற பின்னும் அக்குறைப்பு உடனே நீங்குவதில்லை. உணவு ருசிப்பதில்லை, எதிலும் நாட்டம் எழுவதில்லை. இதனோடு உறக்கத்தையும் சேர்க்க வேண்டும். மருந்துண்ட காலத்து மயக்கம் முழு உறக்கமன்று. ஆழ்ந்த உறக்கத்தையும் கனவுறக்கத்தையும் அது குறைத்திருந்தது. விட்ட பின்போ உறக்கமே துண்டு துண்டாகிறது. பிட்யூட்டரி சுரப்பியின் வழியாகப் பாலின ஹார்மோன்களையும் இம்மருந்துகள் குறைப்பதுண்டு. சில பெண்களுக்கு மாதவிடாய் நின்று போவதும் இதனாலேயே. சுரப்பிகள் பழைய நிலைக்குத் திரும்ப வாரங்கள் முதல் மாதங்கள் ஆகலாம். இறுதியாகத் தசை: வலியோடு படுத்திருந்த காலத்தில் அது மெலிந்தது, மருந்தினாலன்று. ஆனால் கணக்கு என்னவோ ஒரே பேரேட்டில்தான் ஏறுகிறது.

மின்தேக்கியை மின்தடை வழியே மின்னேற்றும்போது, ஒரு கால மாறிலி கழிந்ததும் 63 விழுக்காடும், மூன்று கழிந்ததும் 95 விழுக்காடும் நிறையும் என்பது மாணவர் அறிந்ததே. உடம்பில் இத்தகைய மின்தேக்கிகள் பல. ஒவ்வொன்றின் கால மாறிலியும் வேறு. இரத்தத்துக்கு மணிகள், நீலத் திட்டுக்கு நாட்கள், உறக்கத்துக்கு வாரங்கள், ஹார்மோனுக்கும் தசைக்கும் மாதங்கள். உடம்பு இவ்வளவு ஒழுங்காக வரைகோட்டைப் பின்பற்றுவதில்லைதான். ஆயினும் எதை எப்போது எதிர்பார்க்கலாம் என்பதற்கு இது ஒரு நல்ல வழிகாட்டி.

எவ்வளவு காலம் என்பதற்கு ஒரு பழைய அளவீடு உண்டு. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லெக்சிங்டன் நகரில் 1935-இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவமனையில் சிறைக் கைதிகளிடம் ஆய்வுகள் நடந்தன. மார்ட்டின், ஜாசின்ஸ்கி என்ற இருவர் 1969-இல் வெளியிட்ட முடிவின்படி, மார்ஃபினை நிறுத்திய பின் இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, உடல் வெப்பம் ஆகியவை முதல் சில வாரங்களுக்கு இயல்புக்கு மேலும், அதன் பின் பல வாரங்களுக்கு இயல்புக்குச் சற்றுக் கீழும் இருந்தன. ஏறத்தாழ அரை ஆண்டு வரை இது நீடித்தது. கைதி தரும் சம்மதம் உண்மையான சம்மதமா என்று இன்று கேட்கப்படுகிறது, கேட்க வேண்டியதுதான். அவர்களுக்குத் தரப்பட்டது பேரளவு என்பதையும் மறக்கலாகாது. சில மாதம் குறைந்த அளவு மாத்திரை உண்டவர் அரை ஆண்டு என்று அஞ்சத் தேவையில்லை. பலருக்குச் சில வாரங்களிலேயே தெளிவு பிறக்கும்.

நம் நாட்டில் பெரிதும் வழங்கும் டிரமடால் பற்றித் தனியே ஒரு சொல். 1977-இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த இம்மருந்து, அபின் ஏற்பியில் ஒட்டுவதோடு, செரட்டோனினையும் நார்அட்ரினலினையும் நரம்பணு திரும்ப உறிஞ்சுவதையும் தடுக்கிறது. ஆக இரு வேறு ஸ்டெபிலைசர்களை அது அசைத்து விடுகிறது. நிறுத்திய பின் மனச்சோர்வும் பதற்றமும் சிலருக்குக் கூடுதலாக இருப்பதற்கு இதுவே காரணம். இந்தியாவில் 2018-இல்தான் இது போதைப் பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது.

செய்யத் தக்கவை

நிறுத்தும் முறையிலேயே பாதி அடங்கியிருக்கிறது. திடீர் நிறுத்தத்தின் தீங்குகள் குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2019-இல் எச்சரித்தது. ஓராண்டோ அதற்கு மேலோ உட்கொண்டவருக்கு மாதத்துக்குப் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதனினும் மெதுவாகக் குறைப்பது தாங்கத் தக்கது என அந்நாட்டு நோய்த் தடுப்பு மையத்தின் 2022 வழிகாட்டி கூறுகிறது. இதை மருத்துவரே திட்டமிட வேண்டும். நீண்ட நேரம் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரையை வீட்டில் உடைத்தால், நாள் முழுதும் கரைய வேண்டியது ஒரே மூச்சில் இரத்தத்தில் கலந்து விடும்.

எங்கள் கல்லூரி ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கால் முறிந்து, எட்டு மாதம் டிரமடால் உண்டு நிறுத்தியவர். "நேத்து நல்லா இருந்துச்சு சார், இன்னிக்கு மறுபடி விழுந்துட்டேன்" என்பார். அளவியல் நோக்கில் இது எளிதில் விளங்கும். ஒரு நாளில் ஏற்படும் முன்னேற்றம் மிகச் சிறிது. நாளுக்கு நாள் வரும் ஏற்றத்தாழ்வோ அதைப் போல் பல மடங்கு. இரைச்சலுக்குள் குறியலை மறைந்து விடுகிறது. பேருந்து நிறுத்தத்திலிருந்து கல்லூரி வாயில் வரை நடக்க ஆகும் நேரத்தைத் தினமும் குறித்து, வாரச் சராசரி எடுக்கச் சொன்னேன். ஐந்தாறு வாரத்தில் எண்கள் இறங்கு முகமாக இருப்பதை அவரே கண்டார். உடம்பு தேறியதை அவருடைய மனம் ஒப்புக் கொள்ள அதற்கு மேலும் சில வாரங்கள் ஆயின.

நடையைக் குறைவாகத் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுவதே நலம். நல்ல நாளில் தேங்கிய வேலை அனைத்தையும் முடித்து விட்டு அடுத்த இரு நாள் படுத்துக் கிடப்பது பலரும் செய்வது. எதிர்பார்த்த பயனை அது தருவதில்லை. இரவு உறக்கம் எப்படி இருந்தாலும் காலையில் குறித்த நேரத்தில் எழுந்து வெயிலில் சற்று நிற்பது உடற்கடிகாரத்தைச் சீராக்கும். தேநீரிலும் காப்பியிலும் உள்ள காஃபீனின் அரை ஆயுள் சுமார் 5 மணி. மாலை ஐந்து மணித் தேநீரில் பாதி, இரவு பத்து மணிக்கும் இரத்தத்தில் இருக்கும். மதுவும், மருத்துவர் தராத தூக்க மாத்திரையும் கூடவே கூடா. களைப்புக்கென விற்கும் பெயர் தெரியாத லேகியங்களும் வேண்டா; அபின் சேர்ந்த நாட்டு மருந்துகளும் உண்டாதலால், விட்ட இடத்துக்கே அது கொண்டு சேர்க்கலாம்.

எல்லாக் களைப்பையும் இக்கணக்கிலேயே எழுதி விடுவதும் தவறு. இரத்தச்சோகை, தைராய்டுக் குறைவு, சர்க்கரை நோய் மூன்றும் நம்மிடையே மிகுதி. எளிய இரத்தச் சோதனையில் தெரிந்து விடும். எழுந்து நின்றால் தலை சுற்றல், வாந்தி, எடைக் குறைவு ஆகியவை சேர்ந்திருந்தால் அட்ரினல் சுரப்பி தளர்ந்திருக்கக் கூடும். உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் மனம் இருண்டே இருந்தாலும் அப்படியே. வாழ்வே வேண்டாம் எனத் தோன்றினால் ஒரு நாளும் காத்திருக்கலாகாது. 14416 என்ற டெலி-மானஸ் அரசுத் தொலைபேசியில் தமிழிலேயே பேசலாம்.

புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் உண்பவர் எவரும் இதைப் படித்து அதை நிறுத்த எண்ண வேண்டா. தேவையான வலிக்குத் தேவையான மருந்து அது. மருந்துக்கு அடிமையாகி, சிகிச்சையாக பியூப்ரெனார்ஃபின் பெறுபவர்களுக்கும், அதைத் தொடர்வதே பல சமயம் உயிர் காக்கும் வழியாகும்.

இனி, பழைய அட்டைக்கு வருவோம். மருந்துண்ட காலத்தில் உடம்பு பெற்றிருந்த தாங்கும் திறன், நிறுத்திய சில நாட்களிலேயே இறங்கத் தொடங்குகிறது. களைப்பு தாளாமல் ஒருவர் இரண்டு மாதம் கழித்து, "முன்பு உண்ட அளவுதானே" என்று அதே எண்ணிக்கை மாத்திரையை விழுங்கினால், மூச்சை இயக்கும் மூளைப் பகுதி அதைத் தாங்காமல் நின்று விடக் கூடும்; மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்திருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. மிஞ்சிய மாத்திரைகளை அலமாரியில் சேர்த்து வையாமல், அவற்றை என்ன செய்வதென்று எழுதிக் கொடுத்த மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டு அவ்வாறே அகற்றி விட வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அன்றைக்கே.