பல்லைப் பார்த்த பிறகுதான் "கரண்டு"!

கன்னத்தின் உட்புறம் ஆறாத புண். சதையைக் கிள்ளி எடுத்துச் சோதித்தார்கள். புற்று நோய் என்று தெரிந்தது.

"கரண்டு வைக்க வேண்டும்" என்றார்கள். வீட்டார் கலங்கிப் போனார்கள். ஆனால், டாக்டர் முதலில் அனுப்பியதோ பல் டாக்டரிடம்!

"நோயை விட்டுவிட்டுப் பல்லைப் பார்க்கிறார்களே!" என்று பலரும் நினைப்பது உண்டு. அதற்குக் காரணம் இருக்கிறது.

"கரண்டு" என்பது மக்கள் வைத்த பெயர். உடம்பில் மின்சாரம் பாய்வது இல்லை. பாய்வது, எக்ஸ்-ரே போன்ற கதிர். ஆனால் பல மடங்கு சக்தி வாய்ந்தது.

தாடை எலும்பு

கதிர் பட்டால் புற்று அழியும். அதோடு எச்சில் சுரப்பிகளும் வாடும். வாய் வறண்டு விடும். எச்சில்தான் பல்லுக்குக் காவல். அது குறைந்தால் பல் சீக்கிரம் சொத்தையாகும்.

கதிர் பட்ட தாடை எலும்பில் ரத்த ஓட்டமும் குறைந்து விடும். அதன் பிறகு பல்லைப் பிடுங்கினால், புண் ஆறாமல் எலும்பே செத்துப் போகக் கூடும்.

ஆகவே, காப்பாற்ற முடியாத பல்லை முன்கூட்டியே எடுத்து விடுகிறார்கள். புண் ஆறுவதற்கு சுமார் 2 வாரம் விடுகிறார்கள். கிராம்பை வைத்தே பல் வலியை ஓட்டியவர்களுக்கு இது கொஞ்சம் சங்கடந்தான்!

முகமூடி

அடுத்தது முகமூடி. வலை போன்ற பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் போட்டால் இளகும். அதை முகத்தில் பதிய வைப்பார்கள். சில நிமிடத்தில் இறுகி விடும். தாடி இருந்தால் முன்பே மழித்து விட வேண்டும்.

கதிர் விழும்போது தலை அசையக் கூடாது. அதற்காகவே இந்த ஏற்பாடு. துளைகள் வழியே மூச்சு விடலாம். பயமாக இருந்தால் கையைத் தூக்கினால் போதும். வெளியே டி.வி.யில் பார்த்துக் கொண்டே இருப்பார்கள்.

பெரும்பாலும் வாரம் 5 நாள். 6 அல்லது 7 வாரம். ஒவ்வொரு தடவையும் சில நிமிடந்தான். அப்போது வலி இராது. நாளாக ஆக வாய் புண்ணாகும். சாப்பாடு இறங்காது. உடம்பு மிகவும் இளைத்தால் முகமூடியே தளர்ந்து விடும்! எனவே கஞ்சி, பால், முட்டை என்று முதல் நாளிலிருந்தே ஊட்டமாகக் கொடுக்க வேண்டும். விழுங்கவே முடியாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் வைத்து உணவு கொடுப்பார்கள்.

புகையிலையை அன்றே விட்டு விட வேண்டும்.

வைத்தியம் முடிந்த பிறகும் ஒன்றை மறக்கக் கூடாது. எந்தப் பல் டாக்டரிடம் போனாலும், "எனக்குக் கதிர் வைத்தியம் நடந்திருக்கிறது" என்று முதலில் சொல்ல வேண்டும். 10 வருடம் ஆகியிருந்தாலும் சொல்ல வேண்டும்.