ஒரே புத்தகம், ஊரெல்லாம் வாசகர்கள்!



ஆசையாக ஒரு கதைப் புத்தகத்தைத் தேடி நூலகத்துக்குப் போகிறீர்கள். "அதை ஒரு அக்கா எடுத்துப் போயிருக்கிறாள், அடுத்த வாரம் வா" என்கிறார் நூலகர். முகம் வாடிவிடும், இல்லையா?

இணையம் வழியாகப் படிக்கும் மின்னூலகத்தில் இந்தத் தொல்லை இல்லை. பள்ளிக்கூட மணியை ஒருமுறை அடித்தால் எல்லா வகுப்புக்கும் கேட்கிறதே, அப்படித்தான். புத்தகத்தை ஒருமுறை ஏற்றிவிட்டால், மதுரைப் பையனும் மலேசியாச் சிறுமியும் ஒரே நேரத்தில் படிக்கலாம்.

"காகிதப் புத்தகம் கணினிக்குள் எப்படிப் போகும் மாமா?" என்று கேட்கத் தோன்றுகிறதா? சபாஷ்!

பழைய தாள் தொட்டாலே ஒடியும். அழுத்தி விரித்தால் தையல் விட்டுப்போகும். அதனால் பாதி திறந்தபடி ஒரு தாங்கியில் வைத்து, மேலிருந்து கேமராவால் பக்கம் பக்கமாகப் படம் எடுப்பார்கள்.

வேலை முடிந்ததா? இல்லை. அந்தப் படத்தில் 'யானை' என்ற சொல் உங்களுக்குத் தெரியும். கணினிக்குத் தெரிவது வெறும் புள்ளிகள்தான்! எழுத்தை அடையாளம் காண அதற்குத் தனி மென்பொருள் வேண்டும். அதுவும் தமிழில் தடுமாறும். 'ர'வையும் துணைக்காலையும் போட்டுக் குழப்பும். பழைய எழுத்து வடிவங்களும் அதைக் குழப்பும். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துகளைச் சீர்திருத்தியது. அதற்கு முன் வந்த பெரும்பாலான புத்தகங்களில் 'னை' ஒரு தும்பிக்கையோடு இருக்கும். தாத்தா பாட்டியிடம் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்!

ஆகவே மனிதர்கள் உட்கார்ந்து திருத்த வேண்டும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் இருந்த தமிழர்கள் சம்பளம் வாங்காமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். அப்படிச் செய்த நூலில் ஒரு சொல்லைத் தேடினால் நொடியில் கிடைக்கும். புரிகிறதா?

இன்னொரு நன்மையும் உண்டு: மின்னூல் எளிதில் அழிந்துபோகாது. 1981இல் இலங்கையின் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் படி இல்லாத ஏடுகளும் அதில் போயின. இன்று ஈழத்து நூல்களை 'நூலகம்' என்ற மின்னூலகம் 2005 முதல் சேர்த்துவருகிறது. ஒரு படி அழிந்தாலும் இன்னொன்று வேறிடத்தில் இருக்கும்.

அப்படியானால் பழைய நூலகம் வேண்டாமா? வேண்டும், கண்ணுகளா! அதற்குக் கரண்டும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம். தேடிய புத்தகத்துக்குப் பக்கத்தில் தேடாத நல்ல புத்தகம் ஒன்று கண்ணில் படுவதும் அங்கேதான். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

எல்லாப் புத்தகமும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்காது. இந்தியாவில் எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு; அதுவரை அனுமதி இல்லாமல் இணையத்தில் ஏற்றக் கூடாது. அவர் எழுத்தை அரசு நாட்டுடைமை ஆக்கி எல்லோருக்கும் பொதுவாக்கினால் முன்பே கிடைக்கும்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தை அம்மா அப்பாவோடு ஒருமுறை திறந்து பாருங்கள். பணம் கட்ட வேண்டியதில்லை. புதிய சிறுவர் கதைகளுக்கு உங்கள் ஊர் நூலகத்தில் உறுப்பினர் அட்டையும் வாங்கிவிடுங்கள்.