ஜார்ஜியா நாட்டுக் கடைவீதியில் நாம் கண்டவை



வடக்கே காகசஸ் மலை, மேற்கே கருங்கடல். இடையே உள்ள சிறிய நாடு ஜார்ஜியா. மக்கள் தொகை சுமார் 37 லட்சம்தான். அங்கு சில நாட்கள் சுற்றி வரும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. ஊர் பார்க்கப் போனாலும் வியாபாரியின் கண் கடை மேல்தானே போகும்!

தலைநகர் திபிலிசியில் ரயில் நிலையத்தை ஒட்டி 'டெசர்ட்டர் பஜார்' உள்ளது. 1920களில் படையை விட்டு ஓடிவந்த சிப்பாய்கள் ஆயுதங்களை இங்கே விற்றதால் வந்த பெயராம். இன்று அக்ரூட், பாலாடைக்கட்டி, உலர்ந்த பழங்கள், மசாலாப் பொடிகள் எனச் சரக்கு குவிந்து கிடக்கிறது. மெழுகுவர்த்தி போல வரிசையாகத் தொங்குவது 'சுர்ச்கேலா' என்னும் தின்பண்டம். அக்ரூட் பருப்பை நூலில் கோத்து, மாவு சேர்த்துக் காய்ச்சிய திராட்சைச் சாற்றில் தோய்த்து உலர்த்துகிறார்கள். நம் வெந்தயத்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் பொடிக்கு 'உத்ஸ்கோ சுனேலி' என்று பெயர். 'அந்நிய வாசனைச் சரக்கு' என்பது பொருள். உலர்ந்த செண்டுமல்லிப் பூவை 'இமெரெத்தி குங்குமப்பூ' என்று விற்கிறார்கள். பெயரை மட்டும் கேட்டுக் கொள்முதல் செய்பவர்கள் கவனிக்க!

1991 வரை சோவியத் ஆட்சியில் இருந்த நாடு இது. பெரும்பாலான கடைகள் அரசுடையவை. ஆகவே இன்றைய கடைக்காரர்களில் பலர் முதல் தலைமுறை, இரண்டாம் தலைமுறை வியாபாரிகளே. அவர்கள் பட்ட அடி நமக்கும் பாடம்.

கிழக்கே கஹேத்தி பகுதி முழுவதும் திராட்சைத் தோட்டம். மண்ணில் புதைத்த பெரிய சாடிகளில் ஒயின் தயாரிக்கும் அவர்களது பழைய முறையை 2013இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. அந்த ஒயினில் பெரும்பகுதியை ரஷ்யாவே வாங்கி வந்தது. 2006 மார்ச்சில் தரம் சரியில்லை என்று கூறி ரஷ்யா இறக்குமதியை நிறுத்திவிட்டது. இரு நாடுகளின் அரசியல் பகையே காரணம் என்றனர் ஜார்ஜியர்கள். மே மாதம் போர்ஜோமி தாதுநீருக்கும் தடை வந்தது. 2013 வரை கதவு திறக்கவில்லை. அந்த ஆண்டுகளில் அவர்கள் தரத்தை உயர்த்தி, வேறு நாடுகளில் வாடிக்கை தேடினார்கள். ஆனாலும் கதவு திறந்தபின் மீண்டும் ரஷ்யாவே முதல் வாடிக்கையாளராகிவிட்டது. பழகிய வாடிக்கையை விடுவது அவ்வளவு எளிதல்ல.

ஒரே இடத்தில் முழுச் சரக்கையும் தள்ளிவிடுவது நமக்கும் சௌகரியம்தான். அந்த வாடிக்கையாளர் ஒரு நாள் கைவிரித்தால் கிடங்கில் தேங்கும் சரக்கு நம்முடையது. பேரேட்டை எடுத்து, மொத்த விற்பனையில் எத்தனை பங்கு ஒரே பெயரில் இருக்கிறது என்று ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.