நுரையீரலுக்குள்ளே ஒரு 'பிரஷர்'

வைத்தியர் கையில் பட்டியைச் சுற்றிப் பிரஷர் பார்க்கிறார். "நோர்மல்" என்கிறார். ஆனாலும் நான்கு படி ஏறினால் உங்களுக்கு மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது, மாலையானால் கணுக்கால் வீங்குகிறது. "வீட்டு வேலைக் களைப்புத்தானே" என்று இருந்துவிடாதீர்கள், சகோதரிகளே!

கையில் பார்ப்பது உடம்பெங்கும் இரத்தம் கொண்டு செல்லும் நாடிகளின் அழுத்தம். இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் நாடிகள் வேறு. அவற்றின் சராசரி அழுத்தம் சுமார் 14 மில்லிமீற்றர்தான். அது 20ஐத் தாண்டினால் நோய். இதற்குக் காரணங்கள் பல. ஒரு வகையில் நாடிச் சுவரே தடித்து வழி ஒடுங்கிவிடுகிறது. வலது இதயம் தள்ளித் தள்ளியே சோர்ந்து போகிறது. இவ்வகை பெண்களையே அதிகம் பிடிக்கிறது.

பரம்பரையில் வருமா?

சில குடும்பங்களில் வரும். நாடிச் சுவரின் கலங்கள் அளவுமீறிப் பெருகாமல் காக்கும் 'பீ.எம்.பீ.ஆர்.2' என்ற மரபணுவின் பழுதே இதற்குக் காரணம் என 2000இல் கண்டறியப்பட்டது. பழுது உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை.

மரபணுச் சிகிச்சை

கனடாவில் 7 நோயாளரின் இரத்தத்திலிருந்தே கலங்களை எடுத்து, நாடியைத் தளர்த்தும் நைத்திரிக் ஒட்சைட்டை உண்டாக்கும் மரபணுவை அவற்றில் புகுத்தி, மீண்டும் உடம்பில் செலுத்தினர். முடிவு 2015இல் வெளியானது. ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம் கூடியது. ஆனால் அழுத்தம் நிலையாகக் குறையவில்லை. நோய் முற்றிய ஒருவர் இறந்தும் போனார். மரபணுவை மூச்சோடு உள்ளிழுக்கச் செய்யும் முறை பன்றிகளில் பலன் தந்துள்ளது. எனினும் இந்நோய்க்கு மரபணுச் சிகிச்சை இன்னும் ஆராய்ச்சி நிலையிலேயே இருக்கிறது.

அதற்காக மனம் தளர வேண்டாம். சில்டெனாபில், பொசென்டான் போன்ற குளிசைகள் உள்ளன. பழுதான மரபணு குலைத்த சமநிலையைச் சீராக்க முயலும் சொட்டாடர்செப்ட் ஊசிக்கு 2024இல் அமெரிக்கா அனுமதி வழங்கியது.

நீங்கள் செய்ய வேண்டியவை

காரணம் புரியாத மூச்சுத் திணறலுக்கு 'எக்கோ' பரிசோதனை தேவையா என வைத்தியரிடம் கேளுங்கள். இந்நோய் உள்ளவர்களுக்குக் கர்ப்பம் உயிராபத்தானது. முன்கூட்டியே ஆலோசனை பெறுங்கள். மெலிவதற்கென்று கண்ட குளிசைகளையும் விழுங்காதீர்கள். அப்படி விற்கப்பட்ட பென்புளூரமின், இந்நோயையும் இதய வால்வுப் பழுதையும் உண்டாக்கியது. 1997இல் சந்தையிலிருந்து மீளப் பெறப்பட்டது.

மூச்சு முட்டுவதைப் பொறுத்துக்கொள்வது பொறுமையல்ல. நேரத்தோடு வைத்தியரிடம் சொல்லுங்கள்.