கோழிக்குஞ்சு வளர்ப்பில் இயற்கை நெறி

தொல்காப்பியர் மரபியலில் பறப்பனவற்றின் இளமைப் பெயர்களாகப் பார்ப்பு, பிள்ளை என இரண்டினைக் கூறுகின்றார். அளகு என்னும் பெண்பாற் பெயரைக் கோழிக்கும் கூகைக்கும் உரிமையாக்கிப் பின்னர் மயிலுக்கும் அதனை நீட்டுகின்றார். குறுந்தொகையின் 139ஆம் பாட்டில் ஒக்கூர் மாசாத்தியார், மாலைப்பொழுதில் வேலியோரம் காட்டுப்பூனை வரக் கண்ட வீட்டுக்கோழிப் பேடு, தன் குஞ்சுகள் புகுமிடம் அறியாது தவிக்க, அவற்றைக் கூவித் திரட்டும் காட்சியைக் காட்டுகின்றார். குறுகிய கால்களை உடைய பேடு எனப் புலவர் அதன் உருவத்தையும் விடாது குறிக்கின்றார். கோழி வளர்த்த வீட்டில் வாழ்ந்தவர்க்கன்றி இக்காட்சி எளிதில் வாய்த்திராது.

இப்பாட்டை வகுப்பில் நடத்துங்கால், பேடு அவ்வாறு அழைக்கும் குரல் எத்தகையது என வினவுவது நம் வழக்கம். முன்பெல்லாம் சிற்றூர்களிலிருந்து வரும் மாணவ மாணவியர் உடனே விடை கூறுவர். இப்போது அவர்களிலும் பலர், "பாட்டி வீட்டில் கேட்டதுண்டு" என்ற அளவில் நின்றுவிடுகின்றனர். ஆதலின், தமிழ்த்துறை மலரில் கோழிக்குஞ்சு பற்றிய கட்டுரை எதற்கு என அன்பர்கள் வினவ வேண்டுவதில்லை. தொழில் போகுமாயின் அதனோடு சொல்லும் போகும். சொல் போனபின் பாட்டும் விளங்காது போகும்.

மூலனூர் வட்டாரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் அமைந்த வறண்ட நிலம். கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காடுகளும், அவற்றில் விளையும் கொழுக்கட்டைப் புல்லும், வெள்வேல மரங்களும், முருங்கைத் தோட்டங்களுமே இதன் செல்வம். இங்கு ஆடும் மாடும் பெரும்பாலும் ஆடவர் கணக்கில் சேரும். கோழியோ பெண்டிர் கணக்கு. கோழி விற்ற காசு, எவரையும் கேளாது ஒரு தாய் செலவிடத்தக்க காசாகும். நம் கல்லூரிகளில் பயிலும் பிள்ளைகள் சிலரின் தேர்வுக் கட்டணமும் அச்சேலை முந்தானையின் முடிச்சிலிருந்தே அவிழ்கின்றது என்பதை ஆசிரியப் பெருமக்கள் அறிவர். இன்று பஞ்சாலைகளுக்கும் பனியன் நிறுவனங்களுக்கும் செல்லும் வண்டிகள் விடியலிலேயே பெண்களை ஏற்றிச் சென்றுவிடுகின்றன. வீட்டில் எஞ்சியிருக்கும் மூதாட்டியே கோழிக்கும் குஞ்சுக்கும் காவல். அவருக்குப் பின் அக்கலையை அறிவார் யார் என்பதே நம் கவலை.

பக்கத்திலேயே மற்றோர் உலகம் இயங்குகின்றது. 1984இல் உடுமலைப்பேட்டையில் தோன்றிய சுகுணா நிறுவனமும், பல்லடம் வட்டாரக் கறிக்கோழிப் பண்ணைகளும் கொங்கு நாட்டைக் கோழித்தொழிலின் நடுவிடமாக்கின. அங்குப் பொரிப்பகத்தில் பிறக்கும் குஞ்சு தாயை ஒருபோதும் காண்பதில்லை. அதற்கு வேண்டிய சூடும் தீனியும் மருந்தும் கணக்கிட்டு வழங்கப்படுகின்றன. அத்தொழிலை இகழ்வது நம் நோக்கமன்று. பல்லாயிரவர்க்கு அது சோறிடுகின்றது. ஆயினும், நோயற்ற பறவைக்கும் விரைந்து பருக்கும் பொருட்டு நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைத் தீனியில் கலக்கும் வழக்கம் உலகெங்கும் பரவியது. அதன் தீங்கை உணர்ந்த ஐரோப்பிய ஒன்றியம் 2006ஆம் ஆண்டின் தொடக்கம் முதல் அதனைத் தடை செய்தது. மனிதர்க்குக் கடைசிப் புகலாக மருத்துவர் வைத்துள்ள கொலிஸ்டின் என்னும் மருந்தை உணவுக்கான விலங்கு, பறவைகளுக்கு வழங்குவதை இந்திய அரசு 2019 சூலையில் தடுத்தது. இயற்கை முறை பற்றிய பேச்சு இன்று வலுப்பெற்றமைக்கு இவையும் காரணங்களாம்.

இயற்கை முறை என்னும் தொடர் விளம்பரங்களில் அடிபட்டு நைந்துவிட்டது. நாம் கொள்ளும் பொருள் எளியது: தாய்க்கோழி தன் குஞ்சுக்கு எவற்றையெல்லாம் தருகின்றது என நோக்கி, அவற்றை நாமும் தருதல்.

அவயமும் சூடும்

அடைகாத்தலைக் கொங்கு வழக்கில் அவயம் என்பர். ஒரு நாட்டுக்கோழியின் சிறகுக்குள் பத்து அல்லது பன்னிரண்டு முட்டைகளே நன்கு அடங்கும். ஆசை மிகுந்து பதினைந்து வைத்தால் ஓரத்து முட்டைகள் சூடின்றிக் கெடும். இட்டு ஒரு வாரத்திற்கு மேற்பட்ட முட்டையும், கழுவிய முட்டையும் அவயத்திற்கு ஆகா. ஏழாம் நாள் இரவில் முட்டையை விளக்கொளியில் பிடித்துப் பார்த்தால், கருக்கொண்டதில் செந்நிற நரம்புகள் சிலந்தி வலை போல் தோன்றும். தோன்றாதது கூமுட்டை, அதனை நீக்கிவிடலாம். கூடையில் இரும்புத் துண்டும் கரித்துண்டும் மிளகாய் வற்றலும் இட்டு இடியிலிருந்து முட்டையைக் காப்பதாகக் கருதும் வழக்கம் இன்றும் உண்டு. அதனால் தீமையொன்றும் இல்லை. ஆனால் அடியில் பரப்பும் சாம்பலாலும் வேப்பிலை, நொச்சி இலைகளாலும் செள்ளும் பேனும் அண்டாதிருப்பதே மெய்யான பயன்.

இருபத்தொன்றாம் நாள் குஞ்சு வெளிவருகின்றது. வெளிவருமுன் முட்டையின் எஞ்சிய மஞ்சட்கரு அதன் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டுவிடும். இரண்டு மூன்று நாட்களுக்கு அதுவே கட்டுச்சோறு. முதற்குஞ்சு பொரிந்ததும் தாய் எழுந்து ஓடாமல் ஏனையவை பொரியும் வரை அமர்ந்திருப்பது இதனாலேயே இயல்கின்றது. ஆகவே, பொரிந்தவுடன் இரை ஊட்டப் பதற வேண்டுவதில்லை. முதலில் வெல்லம் சிறிது கரைத்த தூய நீரை வைத்தல் நன்று. நீர்த்தட்டில் கூழாங்கற்களை இடுதல் வேண்டும். இல்லையேல் குஞ்சு நனைந்து குளிரில் மாளும்.

தாயில்லாக் குஞ்சுகளை வாங்கி வளர்ப்போர் முதலில் நினைக்க வேண்டுவது சூடு. முதல் வாரம் ஏறத்தாழ 95 பாரன்ஹீட் வெப்பம் வேண்டும். பின்னர் வாரத்திற்கு 5 பாகையாகக் குறைத்து வரலாம். ஒரு குஞ்சுக்கு 2 வாட் என்ற கணக்கில் குண்டு விளக்கு இடுவது பழைய முறை. இன்று கடைகளில் விற்கும் எல்.இ.டி. விளக்கு ஒளி தருமேயன்றி இதற்குப் போதிய சூடு தராது. விளக்கு எரிகின்றதே என நம்பிக் குஞ்சுகளை இழந்தோர் பலர். வெப்பமானி இல்லாவிடினும் குஞ்சுகளே அளவைக் காட்டும். விளக்கின் கீழ் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் சூடு போதவில்லை. விலகி ஓடி வாய் திறந்து மூச்சிரைத்தால் மிகுந்துவிட்டது. எங்கும் பரவி நின்று மேய்ந்தால் சரியாக உள்ளது. அடைப்பு வட்டமாக இருத்தல் வேண்டும். மூலை இருந்தால் அங்கு நெருக்கியடித்து அடியில் உள்ளவை மூச்சுமுட்டி இறக்கும். நம் முன்னோரின் கொடாப்பு வட்டமாகவே பின்னப்பட்டிருப்பதை இங்கு எண்ணிப் பார்க்கலாம். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழி வீசும் காற்று நம் வட்டாரத்தில் கடுமையானதாகலின், கொட்டிலின் மேற்குப்புறம் அடைபட்டிருத்தல் நன்று.

தரையில் வழவழப்பான தாளை விரித்தால் கால் வழுக்கி முடமாகும். நிலக்கடலைத் தொலியோ நெல்லுமியோ இரண்டு விரற்கிடை பரப்பி, நாள்தோறும் கிளறிவிடுதல் வேண்டும். அது நனைந்து ஈரமானால் மூன்றாம் வாரத்திற்குப்பின் இரத்தக் கழிச்சல் தோன்றும். மருந்தினும் உலர்ந்த தரையே அதற்குச் சிறந்த காப்பு.

இரை

தாய்க்கோழி மண்ணைச் சீய்த்து, ஒரு புழுவைக் கொத்தி, தான் விழுங்காமல் கீழே போட்டுக் குரலெழுப்பும். குஞ்சுகள் ஓடிவந்து அதனைப் பற்றும். முதற்சில வாரங்களில் அது தேடித்தரும் இரையில் பூச்சிக்கே முதலிடம் என்பதை உற்றுநோக்கினோர் அறிவர். நாமோ அரிசிக் குறுணையைத் தூவிவிட்டு நம் கடமை முடிந்ததெனக் கருதுகின்றோம்.

வளரும் குஞ்சின் தீனியில் ஏறத்தாழ 20 விழுக்காடு புரதம் இருத்தல் வேண்டும். அரிசியில் உள்ளது 7 அல்லது 8 விழுக்காடு, கம்பில் 11. தானியம் மட்டுமே தின்ற குஞ்சு வயிறு நிறைந்தும் வளராது, இறகு தொங்கி நிற்பது இக்குறையால்தான். மூன்று பங்கு கம்பு மாவுடன் ஒரு பங்கு கடலைப் புண்ணாக்குத் தூள் சேர்த்தால் புரதம் ஏறத்தாழ 19 விழுக்காடாகிவிடும். ஒரு தாய் வீட்டிலேயே கலந்துகொள்ளத்தக்க கணக்கு இது. புண்ணாக்கு பூசணம் பிடித்ததாக மட்டும் இருத்தல் ஆகாது. அப்பூசண நச்சு குஞ்சின் ஈரலைக் கெடுக்கும்; வேகவைத்தாலும் அது போகாது. உப்பு மிகுந்த எச்சில் உணவும், உப்பிட்ட கருவாட்டுத் தூளும் இளங்குஞ்சுக்குக் கேடு.

எஞ்சிய குறையைக் கரையான் நிறைவு செய்யும். உடைந்த பழம்பானையில் காய்ந்த சாணம், கிழிந்த கோணி, சோளத்தட்டு, ஓலைத்துண்டு ஆகியவற்றைத் திணித்து, நீர் தெளித்து, மாலையில் கரையான் நடமாட்டமுள்ள இடத்தில் கவிழ்த்து வைப்பர். மறுநாள் காலை வெயில் ஏறுமுன் திறந்தால் பானை நிறையக் கரையான் இருக்கும். அதனைக் குஞ்சுகளிடையே தட்டிவிட்டால், உணவும் ஆகும். ஓடிப் பிடித்துத் தின்னும் பயிற்சியும் ஆகும். சாணமும் சருகும் மிக்க நம் கொறங்காட்டு ஓரங்களில் இதற்குப் பஞ்சமில்லை. செலவு ஒரு குவளை நீர்.

கீரையும் வேண்டும். உயிர்ச்சத்து பி2 குறைந்த குஞ்சின் கால்விரல்கள் உள்நோக்கிச் சுருண்டு, அது கணுக்காலால் நடக்கத் தலைப்படும். பசுந்தழை உண்ணும் குஞ்சுக்கு இந்நோய் அரிது. அசோலா என்னும் நீர்ப்பாசியை இன்று பலரும் போற்றுகின்றனர். உலர்ந்த அசோலாவில் புரதம் மிகுதி என்பது மெய். ஆனால் பசிய அசோலாவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீரே. குடிநீருக்கே வண்டியை எதிர்நோக்கும் கோடையில் மூலனூர்ப் பக்கத்துப் பெண்ணிடம் அசோலாத் தொட்டி அமைக்கச் சொல்வது பொருந்துமா என்பது நம் ஐயம். அவர் வேலியிலேயே முருங்கை நிற்கின்றது. அதன் உலர்ந்த இலையில் புரதம் ஏறத்தாழ 25 விழுக்காடு. சுண்ணாம்புச் சத்தும் உண்டு. காய்க்காக முருங்கை வளர்க்கும் தோட்டங்களில் கவாத்து செய்து வீசும் தழையை நிழலில் உலர்த்தி, நொறுக்கித் தீனியில் சிறிதளவு கலந்தாலே போதும். காலை வெயிலில் சிறிது நேரம் குஞ்சுகளை விடுதலும் தீனியைப் போன்றதே. வெயில் படாக் குஞ்சின் எலும்பு வலுப்பெறாது.

வெள்ளைக் கழிச்சல்

இதுவரை கூறியவற்றையெல்லாம் செவ்வனே செய்த வீட்டிலும், ஒரு வாரத்தில் கொடாப்பு வெறுமையாவதுண்டு. அதன் காரணம் வெள்ளைக் கழிச்சல். 1926இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தருகே இனங்காணப்பட்ட இந்நோய், 1927இல் இமயச்சாரலில் உள்ள இராணிக்கேத்தில் கண்டறியப்பட்டமையால் நம் நாட்டில் அவ்வூர்ப் பெயராலேயே வழங்குகின்றது. வெள்ளையும் பச்சையும் கலந்த கழிச்சல், மூச்சுத்திணறல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல், கால் விழுதல் என்பன அதன் குறிகள். இது நச்சுயிரியால் வருவது. வந்தபின் தீர்க்கும் மருந்து எங்குமில்லை.

இயற்கை அன்பர்களோடு நாம் வேறுபடும் இடம் இதுவே. கீழாநெல்லி, சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம், மஞ்சள் ஆகியவற்றை அரைத்து உருண்டையாக்கிக் கொடுக்கும் வழக்கம் தமிழகமெங்கும் உண்டு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் புண்ணியமூர்த்தி போன்றோர் இத்தகைய மரபு மருந்துகளைத் திரட்டிப் பரப்பியது பெரும்பணி. அம்மைக் கொப்புளத்திற்கு மஞ்சளும் வேப்பிலையும் பூசுவதும், செரியாமைக்குச் சீரகமும் இஞ்சியும் தருவதும் போற்றத்தக்கன. ஆயினும், கழிச்சல் ஊருக்குள் நுழைந்தபின் உருண்டையை மட்டும் நம்பியிருத்தல், அணை உடைந்தபின் வரப்பு உயர்த்துதல் போன்றதாம். தடுப்பு மருந்து இயற்கைக்கு மாறானது எனச் சிலர் ஒதுக்குகின்றனர். உண்மையில் அது குஞ்சின் உடலுக்குள் இயல்பாக உள்ள எதிர்ப்பாற்றலைத் தட்டி எழுப்புவதே. தடுப்பூசி பெற்ற தாய்க்கோழி, அவ்வாற்றலில் ஒரு பங்கை மஞ்சட்கரு வழியே குஞ்சுக்கும் வழங்குகின்றது. முதலிரண்டு வாரங்களுக்கு அது ஓரளவு காக்கும். தாய் தரும் கொடைகளில் இதனையும் சேர்த்தெண்ண வேண்டாவோ?

மற்றொரு வழக்கத்தையும் மூத்தோர் முன்னிலையில் கூறியாக வேண்டும். நோய் கண்டவுடன் எஞ்சிய கோழிகளை விரைந்து சந்தைக்குக் கொண்டுபோய் விற்றுவிடுகின்றனர். ஓர் ஊரின் நோய் அன்று மாலையே பத்து ஊர்களுக்குச் செல்கின்றது. விற்றவருக்குக் கிடைப்பது அரைவிலை. வாங்கிய ஏழைக்கு இழப்போ முழுமுதல். சந்தையில் வாங்கும் புதுக்கோழியை இரண்டு வாரமேனும் தனியே அடைத்து வைத்துப் பின்னரே மற்றவற்றோடு சேர்த்தல் வேண்டும். இறந்தவற்றைக் குழிதோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தல் வேண்டுமேயன்றி வேலிக்கப்பால் வீசுதல் தகாது.

ஏழாம் நாளில் லசோட்டா மருந்து ஒரு சொட்டு, கண்ணிலோ மூக்கிலோ விடப்படுகின்றது. நான்காம் வாரத்தில் மீண்டும் ஒருமுறை. எட்டாம் வாரத்தில் இறக்கையின் கீழ்த் தோலில் ஊசி. பெரிய கோழிகளுக்கு ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்களில் கால்நடை பராமரிப்புத் துறை இருவார முகாம் நடத்தி இலவசமாகவே ஊசியிடுகின்றது. முகாம்கள் கோடைக்கு முன் அமைவது, கோடையில் கழிச்சல் மிகுதலால். இளங்குஞ்சுகளுக்கான சொட்டு மருந்தில்தான் ஒரு சிக்கல் உண்டு. ஒரு குப்பியில் நூறு குஞ்சுகளுக்கேனும் மருந்திருக்கும். கரைத்தபின் பனிக்கட்டியில் வைத்தாலும் சில மணி நேரமே அது பயன்படும். பத்துக் குஞ்சுள்ள வீட்டார் அதற்காகக் குப்பி வாங்கத் தயங்குவது இயல்பே. ஒரு தெருவில் எட்டுப் பத்து வீட்டார் கூடிப்பேசி, அவயத்திற்குக் கோழிகளை ஒரே வாரத்தில் அமர்த்துவாராயின், குஞ்சுகள் யாவும் ஏறத்தாழ ஒரே நாளில் பொரியும். ஏழாம் நாளும் அனைவர்க்கும் ஒன்றாகும். ஒரு குப்பி தெரு முழுமைக்கும் போதும். தைத்திங்களில் குளிர் தணியும்போது அமர்த்தினால், ஆடிக்காற்று எழுமுன் குஞ்சுகள் தாயை விட்டுப் பிரிந்து தாமே மேயத் தொடங்கியிருக்கும். விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் எவரேனும் கால்நடை மருந்தகத்திலிருந்து பனிக்கட்டி நிரப்பிய குடுவையில் அக்குப்பியைக் கொண்டுவந்து கொடுக்கலாம். சொட்டு விடும் முறையை அரைமணியில் கற்றுக்கொள்ளலாம்.