கணக்குக் கொப்பி – 9: சோடி சேர்ந்தால் வெளியே

11ஆம் தரத்தில் சேடுகள் பாடம் தொடங்கிவிட்டால் படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் கொப்பிகளில் ஒரே பிழைதான்: √50 + √18 = √68. ஐம்பதும் பதினெட்டும் அறுபத்தெட்டுத்தான், அதில் குற்றமில்லை. கூட்டக்கூடாத இடத்தில் கூட்டியிருக்கிறார்கள்.

இதற்கு விதி சொல்லிப் பயனில்லை. √9ஐயும் √16ஐயும் கூட்டச் சொல்லுங்கள். மூன்றும் நாலும் ஏழு. உள்ளே கூட்டினால் √25, அதாவது ஐந்து. ஏழும் ஐந்தும் ஒன்றில்லை என்பதைப் பிள்ளையே கண்டுபிடித்துவிடும். பிறகு விதி தேவைப்படாது.

இனி ஐம்பதை உடைப்போம்: 2 × 5 × 5. சோடி சேர்ந்த ஐந்து வெளியே வரும், தனித்த இரண்டு உள்ளே நிற்கும்: 5√2. பதினெட்டு 2 × 3 × 3, ஆகவே 3√2. மொத்தம் 8√2. சுருக்குமுன் ஒன்றோடொன்று ஒட்டாத எண்களாகத் தெரிந்தவை, சுருக்கியபின் √2இன் மடங்குகளாக நிற்கின்றன. விடையை அழகுபடுத்தவா இவ்வளவு பாடு என்று கேட்கும் பெற்றோருக்கு இதுதான் பதில். சுருக்காமல் கூட்டவே முடியாது.

√72ஐ நாலால் பிரித்து 2√18 என்று எழுதிவிட்டு நிறுத்தும் பிள்ளைகள் ஏராளம். பெறுமானம் சரிதான், ஆனால் பதினெட்டுக்குள் இன்னுமொரு சோடி ஒளிந்திருக்கிறது. 36ஐக் கண்டுபிடித்தவர் ஒரே அடியில் 6√2க்குப் போய்விடுவார். கெட்டித்தனமான வழிதான். ஆனாலும் தொடக்கத்தில் முதன்மைக் காரணிகளை நிதானமாக எழுதுவதையே நான் சொல்வேன்.

பகுதியில் வர்க்கமூலம் இருக்கக்கூடாது என்பதைச் சில ரியூசன் வகுப்புகளில் தீட்டுப்போலச் சொல்லிக்கொடுக்கிறார்கள். 1/√2 பிழையான எண்ணல்ல. கையால் கணக்குப் பார்த்த காலத்தில் 1ஐ 1.4142ஆல் வகுப்பது பெரும் அவஸ்தை. அதையே √2/2 என்று மாற்றிவிட்டால் 1.4142இன் பாதி, 0.7071, வாயிலேயே வந்துவிடும். சாதாரண தரப் பரீட்சை மண்டபத்துக்குள் இன்றைக்கும் கணிப்பான் போக முடியாது என்பதால் அந்த வழக்கம் இங்கே உயிரோடிருக்கிறது.

இந்த √2/2ஐ ஆர்மோனியத்திலும் கேட்கலாம். காரைதீவில் 1892இல் பிறந்து, மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் படித்து, விஞ்ஞான ஆசிரியராகவும் இருந்தவர் சுவாமி விபுலாநந்தர். 1947இல் வெளிவந்த தமது ‘யாழ் நூ’லில் சுரங்களுக்கிடையிலான விகிதங்களைக் கணக்கிட்டுக் காட்டினார். ஒரு தந்தியின் நீளத்தைப் பாதியாக்கினால் மேல் ச. கீழ் சவுக்கும் மேல் சவுக்கும் விகிதப்படி சரிநடுவில் நிற்கும் சுரத்துக்கு எவ்வளவு நீளம்? ஒரு மீற்றர்த் தந்தியானால் 1/√2 மீற்றர், ஏறக்குறைய 70.7 சென்ரிமீற்றர். ஆர்மோனியத்தில் அது பிரதி மத்திமம்.

மூலமே எடுக்காமல் கர்ணம் காணும் பழைய தமிழ் வழியொன்று இப்போது கைத்தொலைபேசிகளில் சுற்றுகிறது: நீண்ட பக்கத்தில் எட்டிலொன்றைக் கழி, குட்டைப் பக்கத்தின் பாதியைக் கூட்டு. 4, 3க்கு 5 வருகிறது. 12, 5க்கு 13. பைதகரசை மிஞ்சிவிட்டோம் என்று மார்தட்டுமுன் 8, 4ஐப் போட்டுப்பாருங்கள். வழி சொல்வது 9. உண்மை √80, அதாவது 4√5, சுமார் 8.94. பரவாயில்லை. பத்தடிச் சதுரத்துக்குப் போட்டால் 13.75 அடி. உண்மை 10√2, அதாவது 14.14. மூலைவிட்டத்துக்கு மரம் அறுக்கும் தச்சருக்கு ஏறக்குறைய ஐந்து அங்குலம் குறைந்துபோகும். சில முக்கோணிகளுக்கு நல்ல குறுக்குவழி, அவ்வளவுதான்.

அடுத்த கிழமைக்குள் √75 − √27 என்ன என்று செய்துவையுங்கள். √48 என்று வந்தவர்கள் அதையும் சுருக்கிப்பாருங்கள். சரியான விடையின் சரி இரட்டையில் போய் நிற்பீர்கள்.