வேலியோரக் கொடித்தோடை

நண்பகலில் விரியும் மஞ்சள் கொடித்தோடையின் பூவை அருகிருந்து பார்த்திருக்கிறீர்களா? தென் அமெரிக்க மண்ணுக்குரிய இக்கொடியினத்தின் மலரில் மறைப்பணியாளர்கள் ஆண்டவரின் பாடுகளைக் கண்டனர். இழைவட்டம் முள்முடி, மூன்று சூல்முடிகள் ஆணிகள், ஐந்து மகரந்தப்பைகள் திருக்காயங்கள், சுருண்ட பற்றுக்கம்பிகள் சாட்டைகள். 1610இல் யாக்கோமோ போசியோ சிலுவையைப் பற்றிய தம் நூலில் இம்மலரையும் சேர்த்தார். அன்றிரவே மூடிவிடும் பூவுக்கு இத்தனை பொருள்!

நயினாதீவில் ஒரு முதிய தாயின் வேலியில் இக்கொடி படர்ந்திருந்தது. பிள்ளைகள் கடல் கடந்துவிட்டனர். நன்னீர் அரிதான அத்தீவில், சோளகக் காற்று வறட்டும் மாதங்களில், அரிசி கழைந்த நீரைச் சேமித்து ஊற்றி வளர்த்தார்.

"பூக்குது சுவாமி, காய்க்குதில்லை. என்ரை செபம் மாதிரி" என்றார்.

பொறுமையைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டுக் குறிகட்டுவானுக்குப் படகேறினேன். அது போதாத பதில் என்பது படகிலேயே உறைத்தது. கொடியின் காரணத்தையாவது அறிய விசாரித்தேன். மஞ்சள் இனம் பெரும்பாலும் தன் மகரந்தத்தால் காய்ப்பதில்லை. வேறு விதையில் முளைத்த கொடியின் மகரந்தம் வேண்டும். அதைச் சுமந்து வருவது, மரத்தைத் துளைத்துக் கூடமைக்கும் பெரிய கருவண்டு.

அடுத்த முறை ஒரு கன்று கொண்டுபோனேன். முற்றத்தில் இடமில்லை. அயல்வீட்டுச் சைவக் குடும்பத்தினர் தம் பக்கத்து வேலியில் நட்டு, தம் பங்கு நீரை ஊற்றினர்.

மறு ஆண்டு அத்தாய் என் பையில் நான்கு பழங்களை இட்டார். எந்தக் கொடியில் காய்த்தவை என்று கேட்டேன்.

"ஆருக்குத் தெரியும் சுவாமி, ரெண்டும் பின்னிப் போச்சுது."